நாலு விரல் இடைவெளி

திரையில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாகப் பின்னிக்கொண்டு வந்தன. ஹிதாயத்துல்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். டிரையர் மூடியின் ஓரத்துக்கு வந்ததும் எல்லாம் நின்றுபோய், சிவப்பு எழுத்தில் அதே பிழை. அடக் கருமமே! காலையிலிருந்து இதே கூத்துதான்.

சாயம் ஏற்றிய பனியன் துணியைச் சூடான காற்றில் உலர்த்தும் டிரையர்களைச் செய்து விற்கும் பட்டறை அது, சோமனூர் ரோட்டில். மனுசர்கள் தகரத்தோடு வெந்துகொண்டிருக்க, ஏ.சி. என்னவோ இந்தக் கம்ப்யூட்டருக்குத்தான். தொண்ணூற்றெட்டில் அப்படியொன்றை வாங்கிப் போட்டிருப்பதில் முதலாளி தண்டாயுதபாணிக்கு ஏகப் பெருமை. மெஷினுக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். ஆனால் அதற்கு முன்னால், மெஷினின் உள்வெளி முழுவதையும் பொடிப்பொடிக் கட்டங்களாக, வலை மாதிரிப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். பின்னல் மெஷினில் ஊசி ஒன்று உடைந்தால் துணி நெடுக ஓட்டை விழுகிற மாதிரி, ஒரு கட்டம் நசுங்கினாலும் மொத்தக் கணக்கும் நாசம்.

வெளியே பெஞ்சில் கருப்பாத்தாள் உட்கார்ந்திருந்தாள். வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில், இவர்கள் செய்து கொடுத்த டிரையரில் துணி இழுத்துவிட்டுக்கொண்டிருந்தவள். மெஷின் மேல் கவிழ்ந்திருக்கிற மூடி உறிஞ்ச வேண்டிய சாயப் புகை தன் முகத்தில் அடித்து அடித்தே நெஞ்சு கெட்டுப்போனது என்றாள். அது அவளுடைய சொந்த நோவு என்று சொல்லி வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். மெஷின் மேல்தான் தப்பு என்று கம்ப்யூட்டர் சொன்னால் அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதைக் கேட்டுப்போகத்தான் வந்திருந்தாள்.

"ஏனுங்க தம்பி, சொல்லீருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்கக்கா."

"பதறாமக் கேளுங்க. நானு இருக்கறனுங்க."

அகலத் துணி ஓட்டுவதற்காக, சாயப்பட்டறைக்காரர்கள் மூடியின் உதட்டை மேலே நெளித்துவிட்டிருந்தார்கள். நாலு விரல் இடைவெளி. அவனே போய் அளந்து வந்திருந்தான். அந்தச் சந்துதான் இப்போது உயிரை வாங்கியது.

வரைபடத்தில் இரண்டு தகடுகள் மயிரிழை அளவுக்கு ஒட்டாமல் இருந்ததைக் கண்டுபிடித்து ஒட்டவைத்தான். நெளிந்த மூலையில் கட்டங்கள் சப்பையாகிப் போயின. அந்த இடத்தை மட்டும் தனியாக வெட்டி, சந்துக்குள் பொடிக் கட்டங்களும் விலக விலகப் பெரிய கட்டங்களுமாகப் போட்டான். கம்ப்யூட்டருக்கு அத்தனையையும் தாங்க ஞாபகசக்தி போதவில்லை. மெஷினின் இடமும் வலமும் ஒன்றேதானே? பாதியைக் கழித்துவிட்டான். சாயங்காலம், வலை கடைசிவரை முறியாமல் வந்து நின்றது. காற்றுக் கணக்கை ராத்திரி முழுக்க ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை வந்து பார்த்தபோது கணக்கு முடிந்திருந்தது. சிவப்பாகப் புகை, சந்து வழியே பீறிட்டு, ஒரு பொம்பளை நின்றால் முகம் இருக்கும் உயரத்தில் போய் அடித்தது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தோடு முதலாளி அறைக்கு ஓடினான்.

தண்டாயுதபாணி படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏப்பா, இந்தச் சந்து நம்ம டிராயிங்குல இல்லியே?"

"அவுங்க நெளிச்சு உட்டதுங்க சார். நானே போயி அளந்தனுங்க."

"உன்னைய ஆரு அளக்கச் சொன்னது? அந்தச் சாயப்பட்டறைக்காரரு இன்னும் ரெண்டு மெஷினுக்கு ஆர்டர் குடுத்துருக்கறாரு. உங்க பட்டறைல தப்புன்னு எழுதிக் குடுத்தா வாங்குவாரா? படத்துல சந்த அடைச்சுட்டு ஓட்டு."

"அப்ப அந்தக்காவோட வேலை..."

"உன்ற வேலையப் பாரு. உன்னைய இன்னும் பர்மனன்ட் பண்ணுல, நெனப்பிருக்கட்டும்."

திரும்பி வந்து, திரையில் ஒரே ஒரு கோடு போட்டான். சந்து அடைந்துவிட்டது. அவ்வளவு பாடுபடுத்திய சனியன் இப்போது ஒரு முனகல்கூட இல்லாமல், முதல் தடவையிலேயே கடகடவென்று வலையைப் பின்னி முடித்தது. உண்மைக்குத்தான் அத்தனை முரண்டும்! ஹிதாயத்துல்லாவுக்குத் திரையில் காறித் துப்பலாம் போலிருந்தது. கோடு போட்ட கை தன்னுடையது என்று நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பாக வந்தது. ஆனாலும் கணக்கு ஓடி முடிந்ததும் பிரிண்ட் எடுத்தான்.

அன்றைக்கும் பெஞ்சில் வந்து காத்திருந்த கருப்பாத்தாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இந்த நீலம் என்னங்க தம்பி?"

"நல்ல காத்துங்கக்கா. வெளிய புகை வரலீன்னு அர்த்தம்."

அவள் அந்த நீலத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"அப்ப நாந்தான் எடம் மாறி நின்னுட்டனாட்ட இருக்குதுங்க" என்றாள். "இவ்வளவு படிச்ச பொட்டி பொய்யா சொல்லப்போவுது? இந்த நல்ல காத்து எங்க வருதுன்னு மட்டும் காட்டீருங்க தம்பி. இனிமே அங்கயே நிக்கறனுங்க. எப்படியாச்சும் வேலைய வாங்கிக் குடுத்துருங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி, குலுங்கிக் குலுங்கி இருமினாள். எச்சில் பட்டுவிடக்கூடாதென்று, படத்தை மட்டும் ஒரு கையில் தூரமாக நீட்டிப் பிடித்திருந்தாள்.