கோவில்பதாகையில் ஒரு லாப்ரடார் கடல்

1

“இன்னாமே, முப்பது கொடம்! முப்பது கொடத்த கண்ணாடித் தொட்டில ஊத்திகினு அழகு பாக்கறியா? இங்க எம் பேத்திக்கு மூஞ்சி கழுவத் தண்ணி இல்ல!”

“எங்க பங்குத் தண்ணிதான் குப்பம்மா. தினம் ஒரு குடம். ஒரு மாசம் நானும் அப்பாவும் ஒழுங்கா குளிக்காம சேத்தது.”

“குளிக்காம சேத்து இன்னா பண்ணப் போறே?”

“கடல் செய்யப் போறேன்.”

“கடலு பாக்கணும்னா மெரினாக்கு பஸ்ஸு ஏறு. ஊட்டாண்ட எதுக்குமே கடலு?”

மாடி வீட்டுக் குப்பம்மா படியில் நின்று கத்துகிறாள். கீழ் வீட்டுப் புஷ்பா தொட்டிக்கு முன்னால் கையை விரித்து நிற்கிறாள். எதிர் வீட்டில் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். ஆவடி பக்கம் கோவில்பதாகை, தொண்ணூற்று மூன்று கோடை. வீட்டுக்கு நாலு குடம் என்று லாரி அளந்து ஊற்றிய காலம்.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புஷ்பா வீட்டார் காலி செய்த அன்று பழைய பேப்பர்க்காரனுக்குப் போக இருந்த ஒரு தாள்கட்டை, “அடுப்பு பத்தவைக்க ஆகும்” என்று சொல்லி புஷ்பா கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். என் வீட்டில் அப்போதே கேஸ் அடுப்பு. ஆறு வருஷமாக அந்தத் தாள்கட்டை வைத்துக்கொண்டு இதை எழுதி எழுதி அடிக்கிறேன்.

2

லாப்ரடார் கடலில் குளிர்காலம் வரும்போது, துருவக் காற்றானது—

(அடித்துவிட்டேன். “காற்றானது” என்று தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.)

புஷ்பா என்ற இளம் ஆராய்ச்சியாளர்—

(இதுவும் போகட்டும். எங்களுக்கு அவள் ரகுநாதன் பெண். ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர் ரகுநாதனின் ஒரே மகள், தாயில்லாப் பெண், வயது இருபத்தேழு, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இவ்வளவும் வந்த முதல் வாரத்திலேயே நான் தெரிந்துகொண்டது.)

அவள் என்ன படிக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு வருஷம் ஆனது. ஒருநாள் என் வீட்டு டிபன் கேரியரை அடுக்கிக் காட்டிச் சொன்னாள்:

“ஜெகதாக்கா, கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவுல ஒரு கடல். குளிர்காலத்துல காத்து வந்து மேல் தண்ணியோட சூட்டையெல்லாம் உறிஞ்சிடும். தண்ணி குளிர்ந்து கனமாயிடும். கனமானா முழுகணும் இல்லையா? ஒரு மைலுக்கும் மேல ஆழம் போயிடும். அப்புறம் அடியிலேயே நூத்துக்கணக்கான வருஷம் ஊர் சுத்தும்.”

“சரி. அத நீ இங்க உக்காந்து எப்படிப் பாப்பே?”

“கம்ப்யூட்டர்ல. அதுல கடல இப்படி அடுக்கு அடுக்கா வெட்டிடுவாங்க. மேல் அடுக்கு கீழ் அடுக்க விடக் கனமாயிட்டா ரெண்டையும் ஒண்ணாக் கலக்கிடும். அவ்வளவுதான் விதி. ஆனா நெஜத் தண்ணி அடுக்கோட அப்படியே விழாதுக்கா. நூல் நூலா எறங்கும். நான் அதுக்கு வேற விதி எழுதியிருக்கேன்.”

(இந்த இடத்தில் கதாசிரியர் வியந்ததாக எழுத வேண்டும். உண்மையில் “பாயசம் கிளறுற மாதிரியா?” என்றுதான் கேட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்தப் பிரதியிலும் சரியாக வரவில்லை.)

தண்ணீர் நூல் நூலாக இறங்கும் என்பதை அவளுடைய பேராசிரியர் ராஜசேகரன் நம்பவில்லை. “திரையில எது வேணா இறங்கும். கண்ணால காட்டு. நார்வேயில ஆராய்ச்சிக்கு ஒரு இடம் இருக்கு, உன் பேரை அனுப்பறேன்” என்றார். செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ரகுநாதன் தன் பங்குக்கு ஒரு கெடு வைத்திருந்தார்: நார்வே கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் ஐப்பசியில் கல்யாணம்.

எனவே முப்பது குடம், பதினைந்து கிலோ கல்லுப்பு, ஒரே ஒரு மாலை. இரண்டாவது முறை நிரப்பத் தண்ணீருக்கு எங்கே போவது?

3

தொட்டி புஷ்பா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பொதுவான நடையில் இருந்தது. நாலடி நீளம், இரண்டடி அகலம். சனிக்கிழமை மாலை குப்பம்மா கத்தி முடித்த பிறகு புஷ்பா உப்பைக் கொட்டிக் கரைத்தாள். காலைக்குள் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்துவிட்டது.

ஞாயிறு விடிகாலையில் குப்பம்மா ஓசைப்படாமல் படியிறங்கி வந்து, பொறாமையால்—

இந்த வாக்கியத்தை நான் ஐந்து பிரதிகளில் எழுதியிருக்கிறேன். நன்றாகவும் எழுதியிருக்கிறேன், ஒன்றில் அவள் கொலுசுகூடச் சத்தம் போடாமல் நடக்கிறது. ஆனால் குப்பம்மாவுக்குக் கொலுசு கிடையாது. பொறாமையும் கிடையாது. வாய் மட்டும்தான். கத்தி முடித்ததும் அதே பேத்தியின் கையில் புஷ்பாவுக்கு முறுக்கு கொடுத்தனுப்பிய பெண் அவள். அது எந்தப் பிரதியிலும் இல்லை. கதைக்குத் தடையாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.

சரி. எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் ராத்திரி வண்டிக்கு என் நாத்தனார் குடும்பம் ஐந்து பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருந்தார்கள். வீட்டில் ஒரே ஒரு குடம் லாரித் தண்ணீர், அதுவும் குடிக்க. சாயங்காலம் உப்பு கொட்டிய நேரத்தில் நான் கடைத்தெருவில் இருந்தேன். அதனால் எனக்குத் தெரியாது. (பார்த்தீர்களா, எல்லாம் தெரிந்தவள் என்று பெயர்.) முப்பதில் இரண்டு போனால் யாருக்குத் தெரியும் என்று விடிகாலையில் இரண்டு குடம் மொண்டு வந்தேன்.

காபி போட்டேன். நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, “ஆவடியில கடல் இருக்கா?” என்று கேட்டார்.

பதறிப்போனேன். கண்ணாடியில் புஷ்பா சிவப்பு மையால் கோடு போட்டிருந்தாள். தண்ணீர் அதற்கு இரண்டு விரல் கீழே இருந்தது. அந்தத் தண்ணீரைத் திருப்பி ஊற்றவும் வழியில்லை, பாதிக்கு மேல் அண்டாவில் கொட்டிப் பாத்திரம் தேய்த்தாகிவிட்டது. இருந்த ஒரு குடம் நல்ல தண்ணீரோடு, பின்தெரு ஜமீலாவிடம் இன்னொன்று கைமாற்று வாங்கி வந்தேன். அடிவண்டல் கலங்கினால் தெரிந்துவிடுமே என்று தட்டு ஒன்றைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு, அதன்மேல் சொம்பால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒரு சுழி விழவில்லை. கோடு வரை சரியாக வந்து நின்றது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறில்லை.

(அலட்சியமாக ஊற்றியிருந்தால் உப்புத் தண்ணீரோடு கலந்துபோயிருக்கும், ஒன்றும் கெட்டிருக்காது. இது எனக்குப் பின்னால் தெரிந்தது.)

4

மாலை நாலு மணி. அம்பத்தூர் ஐஸ் கம்பெனியிலிருந்து மரத்தூள் போட்ட கோணியில் ஐஸ்பாளம் வந்தது. ரகுநாதன் சுத்தியலால் உடைத்துத் தகரத் தட்டில் நிரப்பித் தண்ணீர்மேல் மிதக்கவிட்டார். புஷ்பா தட்டின் ஓரமாகப் பேனா மையைச் சொட்டினாள். ராஜசேகரன் நாற்காலியில், நாங்கள் சுற்றி நின்று. குப்பம்மா மேல்படியில் உட்கார்ந்து, “எறங்குதா?” என்று கேட்டாள்.

இறங்கவில்லை. நீலம் இரண்டு விரல் கனத்துக்கு, விரித்த துணிபோல மேலேயே நின்றது. ஐஸ் கரைந்தது. புதிய ஐஸ் வைத்தார்கள். அதுவும் கரைந்தது. துணி அசையவில்லை.

ராஜசேகரன் நல்ல மனிதர். “உப்புக் கணக்கு எங்கயோ தப்பியிருக்கும்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு, பூந்தமல்லி பஸ்ஸுக்குப் போனார்.

அவர் போனதும் புஷ்பா மேல்தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

“நல்ல தண்ணி” என்றாள். “யாரோ ஊத்தியிருக்காங்கப்பா.”

ரகுநாதன் படியை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா நைனா என்னப் பாக்கறே? கற்பூரத்த ஏத்து, அடிச்சி அணைக்கறேன்! கத்தனேன், இல்லங்கல. கைய வச்சேனா?”

அப்போது ஒரு குரல் மட்டும் மிகவும் பரிவாக, “விடுங்க, பாவம், தெரியாம செஞ்சிருப்பா” என்றது.

அந்தக் குரல் என்னுடையது. குப்பம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்கவில்லை.

மறுநாள் புஷ்பா காலேஜுக்குப் போய், தொட்டியில் யாரோ நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். ராஜசேகரன் கேட்ட கேள்வியை அன்று சாயங்காலம் அவள் அப்பாவிடம் சொன்னதை நான் கதவருகே நின்று கேட்டேன்: “எத்தனை குடம், எப்போ, எப்படி? அது தெரிஞ்சா இதுவே ஒரு ஆராய்ச்சி முடிவும்மா. தெரியலன்னா வெறும் சாக்கு.”

செவ்வாய்க்கிழமை வந்தது. போனது.

5

கட்டில் இருந்த தாள்களில் பாதி எண்கள், எனக்குப் புரியாது. ஒரு பக்கம் புரிந்தது. தொட்டி நிரம்புவதற்கு ஒரு மாதம் முன்பு எழுதியது. சில வருஷங்களில் பனி உருகி வரும் உப்பில்லாத தண்ணீர் அந்தக் கடல்மேல் மூடிபோலப் படிந்துவிடுமாம். எவ்வளவு குளிரடித்தாலும் அந்த மூடி முழுகாதாம். கீழே இருப்பதை மேலே விடவும் விடாதாம். கடைசியில் பென்சிலில்: “இதையும் தொட்டியில் செய்து பார்க்க ஆசை. தண்ணீர் போதாது.”

அவள் செய்ய ஆசைப்பட்டதை, கேட்காமலே, நான் செய்திருக்கிறேன்.

அடுத்த தாளில் ராஜசேகரன் கேள்வி கேட்ட அந்தத் திங்கட்கிழமைத் தேதி.

நல்ல தண்ணீர்: ____ குடம். நேரம்: ____. ஊற்றிய விதம்: ____.

6

முடிவு ஒன்று: ஞாயிறு மாலை நான் வாயைத் திறக்கிறேன். ராஜசேகரன் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறார். புஷ்பா கோபப்படாமல் நோட்டை எடுத்து, “எவ்வளவு மெதுவா ஊத்தினீங்கக்கா?” என்று கேட்கிறாள். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: புஷ்பாவுக்கு எல்லாம் தெரியும்; தெரிந்தேதான் அந்தக் கட்டை என்னிடம் கொடுத்தாள். (இதை நினைத்தால் எழுத முடியவில்லை.)

மூன்றாவதை நான் எழுதப் போவதில்லை. தப்பித்து ஓடவில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் புஷ்பாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மின்வாரியம். ஓசூரில் குடித்தனம், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு வருஷம் கழித்து ரகுநாதனும் ரிட்டையராகி, வீட்டைக் காலி செய்ய வந்த மகளோடு போய்விட்டார். குப்பம்மா புஷ்பா கல்யாணத்துக்கு அடுத்த தை மாதமே பேத்தியைக் கூட்டிக்கொண்டு திருவேற்காட்டுக்கு மாறினாள், கோயில் பின்பக்கத் தெரு. போகும்போது எல்லார் வீட்டிலும் சொல்லிக்கொண்டாள், என் வீட்டைத் தவிர.

இரண்டு குடம். காலை ஐந்தரை. தட்டின்மேல் சொம்பால், சுழி விழாமல்.

இப்போது உங்களுக்கும் தெரியும். இரண்டு விலாசமும் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் தருகிறேன். ஆனால் ஒன்று சொல்லுங்கள்: நீங்களாக இருந்தால் முதலில் ஓசூருக்கு பஸ் ஏறுவீர்களா, திருவேற்காட்டுக்கா?