நயினார் மகள், வயது பதினெட்டு

ஆவுடைத்தாய் செத்து முப்பத்து நாலு வருஷம் ஆகிறது என்பது ஆவுடைத்தாய்க்கு அன்று காலை பதினோரு மணிக்குத்தான் தெரிய வந்தது. சொன்னவள் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் அஜிதா. பழைய மரணப் பதிவேட்டில் பென்சிலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்தாள்.

“அம்மே, இது நோக்கு. ஆவுடைத்தாய், நயினார் மகள், மூணாம் டிவிஷன் லயம். அறுபத்தொம்பது ஜூலை. வயசு பதினெட்டு. காய்ச்சல். நிங்கட வீட்டில் வேற ஒரு ஆவுடைத்தாய் உண்டோ?”

“இல்ல” என்றாள் ஆவுடைத்தாய். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் ஷிஜா எழுந்து வந்தாள்.

அவர்கள் தேடி வந்தது வேறு சாவை. ஷிஜாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் பத்து மணிக்கு எல்லாச் சர்ட்டிபிகேட்டையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எல்லாம் இருந்தது, இந்த மாநிலத்துக்காரி என்பதற்கான சான்றிதழ் மட்டும் இல்லை. பிரசவத்துக்குப் போக ஆவுடைத்தாய்க்குத் தாய்வீடு இல்லாததால், மாமியார் ஊரான சங்கரன்கோவிலில் போய்ப் பெற்றாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை அது, எந்த ஊரில் பிறந்தால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போது வில்லேஜ் ஆபீசர் அதைக் கேட்கிறார். தாய் இந்த மலையில் பிறந்தவள் என்று நிரூபித்தால் போதுமாம். எஸ்டேட்டில் பிள்ளை பிறந்தால் யார் எழுதி வைத்தார்கள்? செத்தால்தான் எழுதினார்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் குழி வெட்ட முடியாது. அதனால் வில்லேஜ் ஆபீசரே வழி சொன்னார். குடும்பத்தில் யார் யார் எஸ்டேட்டில் செத்தார்கள் என்று பஞ்சாயத்தில் மொத்தமாக எழுதி வாங்கி வா, அதை வைத்துத் தருகிறேன் என்றார். கீழே பட்டணத்தில் ஆரியசாலை அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் அவள் புருஷன் தங்கபாண்டி ஒருநாள் வேலையை விட முடியாமல், தாயையும் மகளையும் மலையேறிக் கல்லாறு போகிற முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. அறுபத்தைந்தாம் வருஷத்துப் பதிவில் அவளுடைய அப்பா நயினார் அகப்பட்டார். செத்துப்போன அப்பாவைக் கண்டதும் தாயும் மகளும் சிரித்துக்கொண்டார்கள். பிறகு அம்மாவின் சாவைத் தேடி அடுத்த புத்தகங்களைப் புரட்டியபோதுதான் இவளே வந்து நின்றாள்.

“அம்மா, எந்தா இது?” என்றாள் ஷிஜா.

“அது உன் சித்தி” என்றாள் ஆவுடைத்தாய்.

ஷிஜாவுக்குச் சித்தி என்று ஒருத்தி இருந்ததே தெரியாது. அதைச் சொல்லும் தைரியம் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

அப்பா போன பிறகு எஸ்டேட் கொடுத்த லயத்து அறையைத் தக்கவைக்க அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வேலைக்கு வந்தாக வேண்டும். அம்மா ஒன்று, ஆவுடைத்தாய் ஒன்று. பதினாறு வயதில் தங்கபாண்டியைக் கட்டிக்கொண்டு ஆவுடைத்தாய் ஆரியசாலைக்கு இறங்கிவிட்டாள். சந்தோஷமாகத்தான் இறங்கினாள், அட்டைக்கடிக்கும் மழைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு. அறை போய்விடுமே என்று அம்மா மறுநாளே தங்கை வடிவாம்பாளை அவள் பேரில் பெரட்டுக்கு அனுப்பினாள். விடிகாலையில் கங்காணி பேர் கூப்பிடும்போது “ஆவுடைத்தாய்” என்றால் வடிவு “ஆமா” என்று குரலைக் கனக்க வைத்துச் சொல்ல வேண்டும். அக்காவின் சேலையை இரண்டு மடிப்பு கூட்டிக் கட்டிக்கொண்டு போனாளாம். அப்போது அவளுக்குப் பதினோரு வயது. கங்காணிக்குத் தெரியும். லயத்துக்கே தெரியும். நாலு வீட்டில் அப்படித்தான் நடந்தது, யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆடி மழையில் வடிவுக்குக் காய்ச்சல் வந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அம்மா கொண்டுபோகவில்லை. எஸ்டேட் சீட்டில் ஆவுடைத்தாய், பதினெட்டு வயது என்று இருக்கும்போது பதிமூன்று வயதுப் பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் டாக்டர் முன்னால் நிறுத்துவது? கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் பிள்ளை போய்விட்டாள். செத்த பிறகு வந்த டாக்டர் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை. முதலிலேயே வரச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை பார்த்திருக்க மாட்டார்.

தகவல் கிடைத்து ஆவுடைத்தாய் மலையேறிப் போனபோது எஸ்டேட் ஆட்கள் வாசலில் நின்றார்கள். அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். “இன்னைக்கு நீதான் வடிவு. வாயைத் தொறக்காதட்டி” என்று காதுக்குள் சொன்னாள். பிறகு போய்ப் பிணத்தின் மேல் விழுந்து, “ஏ ஆவுட, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே” என்று ஒப்பாரி வைத்தாள். லயத்துப் பெண்கள் எல்லாரும் ஆவுடையைச் சொல்லி அழுதார்கள். முக்காட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் ஆவுடைத்தாய். தங்கைக்காக ஒருத்தியாவது பேர் சொல்லி அழுதாளா? இல்லை. அதைவிட ஒன்று உண்டு, புருஷனிடம்கூட அவள் சொன்னதில்லை. நல்லவேளை, நான் இறங்கிப் போனேன், இல்லையென்றால் அங்கே கிடப்பது நான்தான் என்று அந்த நேரத்தில் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னை இன்றுவரை அவள் மன்னிக்கவில்லை.

அந்த நிம்மதியை மட்டும் விட்டுவிட்டு ஆவுடைத்தாய் சொன்னது முழுவதையும் அஜிதா கேட்டாள். கேட்டுவிட்டுப் புத்தகத்தோடு செகரட்டரி அறைக்குள் போனாள். கால்மணி நேரம் கழித்து இவர்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். செகரட்டரி நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார்.

“அம்மா, இதை இப்படியே வெச்சு நான் எழுதித் தர முடியாது. நீங்க செத்ததா இருக்கு. மகள் எண்பத்தஞ்சில பிறந்ததா இருக்கு. வில்லேஜ் ஆபீசர் கண்டா பிரஸ்னமாகும்.”

“பேர மாத்தி எழுதிருங்க சார். வடிவாம்பாள்னு போடுங்க. வயசு பதிமூணு.”

“அந்தப் பேருல ஒரு ஆளு இருந்ததுக்கு ரிக்கார்டு வேணும். ஜனன சர்ட்டிபிகேட், ஸ்கூல், ரேஷன் கார்டு, எந்தெங்கிலும் உண்டோ?”

ஆவுடைத்தாய் யோசித்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. எஸ்டேட் பேர்ப் பட்டியலான செக்ரோலில் இல்லை. போட்டோ எடுத்ததில்லை. பார்த்தவர்கள் என்று சொன்னால் அம்மா இல்லை, கங்காணி இல்லை. பக்கத்து வீட்டார் எஸ்டேட் மூடியதும் எங்கெங்கோ போய்விட்டார்கள்.

“இல்லீங்க.”

“அப்போ ஒரே வழி. இந்தப் பதிவை ரத்து செய்யலாம். ஆவுடைத்தாய் ஜீவனோட என் முன்னால நிக்குது, வேற தெளிவு, சாட்சி ஒண்ணும் வேண்டா. இன்னைக்கே தீரும்.”

அஜிதா மனுவை எழுதினாள். இறந்தவருக்கும் மனுதாரருக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. பிறகு ‘தான்’ என்று எழுதினாள். எழுதியதை மலையாளத்தில் வாசித்துக் காட்டினாள். மேற்படி தேதியில் மேற்படி இடத்தில் அப்படி ஒரு மரணம் நடைபெறவில்லை என்று அதில் இருந்தது.

“நடந்துச்சே” என்றாள் ஆவுடைத்தாய்.

ஷிஜா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கையிலிருந்த பிளாஸ்டிக் பைலுக்குள் அவளுடைய மார்க் லிஸ்டும் காலேஜ் கடிதமும் இருந்தன. ஆரியசாலையில் ஒற்றை அறைக்குள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவள் படித்ததை ஆவுடைத்தாய் அறிவாள். ஓட்டல் பாத்திரம் தேய்த்த கையோடு வந்து இரவில் அவளுக்கு விசிறிவிட்டிருக்கிறாள்.

“வேண்டாம்னா விட்டுரும்மா” என்றாள் ஷிஜா, திரும்பாமல். அது அவள் மனசாரச் சொன்னதில்லை என்பது தாய்க்குத் தெரியாதா?

“சும்மா கெடட்டி” என்று சொல்லிவிட்டு ஆவுடைத்தாய் பேனாவை வாங்கினாள். தன் பெயரை மலையாள எழுத்தில் எழுத சாட்சரதா என்ற எழுத்தறிவு வகுப்பில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தாள். செகரட்டரியும் ஒப்பமிட்டுச் சீல் வைத்தார்.

வெளியே மேஜைக்கு வந்ததும் ஷிஜா மெதுவாக அருகில் வந்து நின்றாள்.

“சித்தி என்னைப்போல இருப்பாளா?”

“பல்லு உன்னைப் போலத்தான். சிரிச்சா தெரியும்” என்றாள் ஆவுடைத்தாய். அதற்கு மேல் நினைவில் வரவில்லை. முகத்தைக் கொண்டுவரப் பார்த்தாள், பெரிய சேலைதான் வந்தது.

அஜிதா சிவப்பு மைப் பேனாவைத் திறந்து ஒரு காகிதத்தில் கிறுக்கிப் பார்த்தாள். பதிவேட்டின் தாள் பழசாகிச் சுருண்டிருந்தது, இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் எழும்பியது.

“அம்மே, ஒண்ணு பிடிச்சுத் தருமோ?”

ஆவுடைத்தாய் இரண்டு உள்ளங்கையையும் தாளின் மேல் வைத்து அழுத்தினாள். காகிதம் குளிர்ந்திருந்தது. அஜிதா ஸ்கேலை வைத்து வரிசை எண்ணிலிருந்து கோடு இழுத்தாள். சிவப்புக் கோடு தேதியைக் கடந்தது, மாசத்தைக் கடந்தது, பெயரின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“விரல் எடுக்கணும், அம்மே.”

ஆவுடைத்தாய் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நகத்தோரம் கறுத்த அந்த விரல் பெயரை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தது. அஜிதா பேனாவைத் தூக்காமல் காத்திருந்தாள், முனை பட்ட இடத்தில் சிவப்பு மை சிறிது சிறிதாக ஊறி விரலடிக்குப் போய்க்கொண்டிருந்தது.