எழுதாத அட்டை

விடியுமுன் ஏணியில் ஏறிவிட வேண்டும். கரும்புப் பூ யாருக்காகவும் காத்திருக்காது. வெளிச்சம் பட்டதும் வெடிக்கும், வெயில் ஏறினால் மகரந்தம் செத்துப்போகும். பல்கலைக்கழகத்தின் கரும்பு ஆராய்ச்சிப் பண்ணையில் நாங்கள் பதினான்கு பெண்கள். தகப்பன் பூவை வெட்டி வந்து தாய்ப்பூவின் மேல் உதறுவோம், துணிப்பையால் மூடுவோம், எதோடு எது சேர்ந்தது என்று அட்டையில் எண் எழுதிக் கட்டுவோம். தோகை கன்னத்தைக் கீறும். அதன் பொடிமுள்ளான சுணை கழுத்துக்குள் இறங்கும். சொறியக்கூடக் கை ஒழியாது.

அன்று பத்தாவது ஏணி காலியாக இருந்தது. அது என் அண்ணியுடையது.

வேலிக்கு அந்தப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் குதிரையேறி போலோ ஆடும் மைதானம். கரும்புக்குள் விழும் பந்தை எடுக்கத் தோதாக, வேலிக்கதவின் தாழ்ப்பாளை அவர்களே கழற்றிப் போட்டிருந்தார்கள். மூன்று நாளைக்கு முன் ஒரு குதிரை மிரண்டு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஏணியில் மோதியது. அண்ணிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. குதிரைக்கு முழங்காலில் சிராய்ப்பு. குதிரைக்கு டாக்டர் காரில் வந்தார். அண்ணியைக் கரும்பு டிராக்டர் பெட்டியில் கிடத்தி நாங்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பண்ணை இயக்குநர் ஒரு தாளோடு வந்தார்.

"எல்லாரும் இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"என்ன எழுதியிருக்கு சார்?" என்றாள் எங்களில் மூத்தவள். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"கதவை அவதான் திறந்து வச்சிருந்தா. உள்ளதைத்தான் எழுதியிருக்கு."

"தாழ்ப்பாளே இல்லாத கதவு சார் அது."

"வாய் ரொம்ப நீளுது உனக்கு."

"அளந்து பார்த்தீங்களா?"

ஏணிகளில் சிரிப்பு கிளம்பியது. அவர் முகம் கறுத்தது.

"கையெழுத்துப் போட்டா அவ ஒருத்தி வேலையோட போகும். இல்லேன்னா எல்லாரும் கிளம்ப வேண்டியதுதான். குதிரையில வந்த பையனோட அப்பா யாருன்னு தெரியுமா?"

"தெரியாது சார். எங்க அண்ணி யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? பன்னண்டு வருஷமா உங்க கரும்புக்குக் கல்யாணம் பண்ணி வச்சவங்க," என்றேன் நான்.

"சூரியன் வந்துருச்சு. முதல்ல வேலையைப் பாருங்க. பிறகு பேசிக்கிறேன்."

பார்த்தோம். வேலையை நிறுத்தினால் அதையே சாக்காக வைத்து வெளியே தள்ளுவார் என்று முந்தின நாளே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பேசியிருந்தோம். உதறினோம், மூடினோம், அட்டையும் கட்டினோம். அட்டையில் எழுதத்தான் இல்லை.

அவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததைத் திருப்பினார்.

"நம்பர் எங்கே?"

"மண்டைக்குள்ள பத்திரமா இருக்கு சார்," என்றாள் ரேடியோ.

எதை எதோடு சேர்க்கலாம் என்ற பட்டியல் அவருடையதுதான். ஆனால் அன்றன்றைக்கு வெடிக்கும் பூவைப் பார்த்து ஜோடி சேர்ப்பது நாங்கள். எண் இல்லாவிட்டால் அந்த விதை அநாதை; ஆராய்ச்சிக்கு உதவாது. ஒருத்தி சேர்த்தது இன்னொருத்திக்குத் தெரியவும் தெரியாது.

அவர் நேராகப் புதியவளிடம் போனார். வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். கைக்குழந்தைக்காரி. எங்கள் எல்லோருக்கும் அவளை நினைத்துத்தான் பயம்.

"நீ உன் அட்டையில எழுதிடும்மா. உன்னை நாளைக்கே நிரந்தரம் பண்றேன்."

அவள் பென்சிலை எடுத்தாள். அட்டையை ஒரு தரம் பார்த்தாள். பென்சிலைக் கொண்டையில் செருகினாள்.

"அக்கா எழுந்து வரட்டும் சார். அவங்க எதிர்ல எழுதுறேன்."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "நாளைக்கு எவ உள்ள வர்றான்னு பார்க்கிறேன்."

"பூ இன்னும் இருபது நாள் வெடிக்கும் சார். ஜோடி சேர்க்க ஆள் வேணும்ல," என்றாள் ரேடியோ.

மறுநாள் இருட்டோடு போனோம். வாசலில் இரண்டு காவலாளிகள் நின்றார்கள். நாங்கள் நிற்கவில்லை; அவர்கள் தடுக்கவும் இல்லை. பதிமூன்று பேர் பதினான்கு ஏணிகளையும் கரும்புக்குள் கொண்டுபோனோம். தன் ஏணியை நிறுத்திவிட்டுத் திரும்பிவந்த புதியவள், பத்தாவது ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.