பவனிக்கு வால் நீண்ட கதை

அறுபத்தெட்டாம் வருஷம் குருத்தோலை ஞாயிறு நெருங்க நெருங்க ஞானஜோதிக்குச் சோறு இறங்கவில்லை. தாம்பரத்தில் கல்லூரிப் பெண்களுக்கு இயற்பியல் நடத்துகிறவள், கட்டினால் கத்தோலிக்கத் தாவீதைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அப்பா ஞானையா சி.எஸ்.ஐ. சபைச் செயலாளர். "அவங்க பவனி நம்மளதைவிட நீளமா வரட்டும், அப்பப் பாக்கலாம்" என்றார். தாவீதின் அப்பா சவுரிமுத்துவும் மகனிடம் இதையே திருப்பிச் சொன்னார். பேசி வைத்துக்கொண்டது போல!

ஆண்டுதோறும் நடக்கிற கூத்து இது. தங்கள் வரிசையைக் கோயில் வாசலில் நிற்க வைத்து அளப்பார்கள். அடுத்த சபையின் வரிசையை, அது நடந்துகொண்டிருக்கும்போதே சாலையில் கோடு போட்டு அளப்பார்கள். முன்னால் ஒருவர் சிலுவைக்கு நேரே கோடு போட்டுக் குடையைத் தூக்குவார். அதைப் பார்த்த பிறகு பின்னால் ஒருவர் கடைசி ஆளுக்கு நேரே கோடு போடுவார். அதற்குள் கடைசி ஆள் நாலு வீடு தாண்டியிருப்பார். ஆக, அவரவருக்கு அடுத்தவர் பவனி எப்போதும் குட்டை.

"ரிலேட்டிவிட்டியிலயும் ஓடுற பொருளை யாரும் நசுக்கலை," என்றாள் ஞானஜோதி தாவீதிடம், ரயிலடியில். "ரெண்டு முனையையும் ஒரே நேரத்துல குறிக்கணும். அந்த ஒரே நேரம் ஆளுக்கு ஆள் வேற. அதான் ஒருத்தருக்கு ஒருத்தர் குட்டை. அங்க யாரும் ஏமாத்தலை."

"அப்ப நம்ம கல்யாணம் நடந்த மாதிரிதான்."

"நாம ஏமாத்தலாமே!"

அளக்கும் வேலையை இருவரும் ஆளுக்கொரு சபையில் கேட்டு வாங்கினார்கள். "படிச்ச பொண்ணு, ஒழுங்கா அளப்பா" என்று ஞானையாவுக்கு ஒரே பெருமை. கத்தோலிக்கர் பவனி வந்தது. இந்த முறை முதல் கோடு வாலுக்கு. முடிச்சூர் சாலையின் கோடியில் தோழி ரத்தினபாய் அதைப் போட்டுக் குடையைத் தூக்கினாள். ஞானஜோதி உடனே குனியவில்லை. சிலுவை இன்னும் கொஞ்சம் போகட்டும் ஆண்டவரே என்று ஜெபித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் கோடு போட்டாள்.

நாடாவை இழுத்துப் பார்த்ததும் ஞானையாவின் முகம் சுண்டிப்போனது. கத்தோலிக்கர் பவனிதான் நீளம். அந்த நேரம் பார்த்து சவுரிமுத்து வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"இன்னாயா இது, பேஜாரா போச்சு! உங்க பவனி நீட்டமா கீதே!"

"எங்களதா?" ஞானையா நிமிர்ந்தார். "எங்க கோட்டுல உங்களதுதானே நீளம்!"

"மெய்யாலுமா?"

இருவர் முகமும் மலர்ந்தது. தத்தம் கோட்டில் தோற்ற இருவரும் அடுத்தவர் கோட்டில் ஜெயித்துவிட்டார்கள். அந்தத் தாராளத்தில், சாலையில் நின்றபடியே கல்யாணம் நிச்சயமானது.

மறுநாள் வகுப்பில் சாராள் என்ற மாணவி எழுந்தாள். "மிஸ், ஓடுற பொருள் நீளமாத் தெரியவே தெரியாதா?"

"நேர்மையா அளந்தா தெரியாதும்மா," என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள் ஞானஜோதி.