மேல் பல்லா கீழ் பல்லா

மாமாவுக்கு நான்கு நாளாகப் பல்வலி. கீழ்ப்பல் என்றார் அவர். மேல்பல் என்றாள் அக்கா.

நான் பல் மருத்துவன், அவளுக்குத் தம்பி. மாமா என் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அக்கா எதிரே முக்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சாட்சி சொல்ல வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

“வலது பக்கம், கீழ, கடைசிக்கு முந்தினது. பிடுங்கிப் போடு, மாப்ள.”

“மேலடா. நாலு நாளா தலையைக் குனிஞ்சே தண்ணி குடிக்கிறார். மேல பட்டுடக் கூடாதாம்.”

“வலி எனக்கா உனக்கா?”

“வலி உங்களுக்கு. முனகல் எனக்கு.”

எக்ஸ்ரே எடுத்தேன். மேல்பல்லில் சொத்தை நரம்புவரை இறங்கியிருந்தது. கீழ்ப்பல்லில் ஒரு குறையும் இல்லை. இன்னும் முப்பது வருடம் மெல்லும். நரம்பு இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து வருவதால் மேலே வலிப்பது கீழே வலிப்பதுபோலத் தெரியலாம் என்றேன்.

மாமா திரையை எட்டிப் பார்த்தார். அவருக்கு வேலை விமான நிலையத்தில். பதினாறு வருடமாகப் பயணிகளின் பைகளை எக்ஸ்ரேயில் பார்க்கிறார்.

“இதெல்லாம் நிழல். படத்துல துப்பாக்கியாத் தெரியும். திறந்தா முடி காய வைக்கிற மெஷின்.”

“படத்தை நம்பித்தானே உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?” என்றாள் அக்கா.

“சந்தேகப்படுறதுக்குத் தர்றாங்க.”

பஞ்சைக் குளிரவைத்து எடுத்தேன். குளிர் பட்டதும் எந்தப் பல் கத்துகிறதோ அதுதான் என்று விளக்கினேன். கீழ்ப்பல் பக்கம் கொண்டுபோனேன். மாமா அலறினார்.

“இன்னும் தொடலை, மாமா.”

“வரப்போறது தெரியுதுல்ல!”

கண்ணை மூடச் சொன்னேன். கீழே வைத்தேன். சத்தமில்லை. மேலே வைத்தேன். நாற்காலியின் கைப்பிடி கழன்று வரும்போலப் பிடித்தார்.

“பார்த்தியா? கீழ!”

“இப்ப தொட்டது மேல.”

“பொய்.”

“நான் பார்த்தேன், மேலதான்” என்றாள் அக்கா.

“நீ பார்ப்பே. அவன் உன் தம்பி. ஒரே வயித்துல பிறந்தவங்க ஒரே மாதிரிதான் பேசுவீங்க. பொதுவா ஒரு ஆள் வேணும்.”

என் உதவியாளர் கருவி தேய்த்துக்கொண்டிருந்தார். அவரை அழைத்தேன்.

“அவங்க உன்கிட்ட சம்பளம் வாங்குறவங்க” என்றார் மாமா. உதவியாளர் வந்த வழியே திரும்பிப் போனார்.

கடைசியாக ஒரு வழி இருந்தது. கீழ்ப்பல்லை மரத்துப்போக வைப்பது. வலி நின்றால் கீழ்ப்பல். நிற்காவிட்டால் மேல்பல். மாமா யோசித்தார். இதில் என்ன சூது என்று தேடினார். கிடைக்கவில்லை.

“சரி. போடு.”

ஊசி போட்டேன். பத்து நிமிடத்தில் கீழ் உதடு தொங்கியது. பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துக் கீழ்ப்பல்லைத் தட்டினேன். ஒன்றும் தெரியவில்லை என்றார்.

“வலி?”

“போயிடுச்சு.”

சொல்லும்போது கன்னத்தைக் கையால் பிடித்திருந்தார். இடது கால் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணோரத்தில் நீர்.

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க, மாமா.”

“போயிடுச்சுன்னா போயிடுச்சு. நான்தான் முதல்லயே சொன்னேனே.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கைப்பையைத் திறந்து உள்ளே எதையோ தேடினாள்.

“அப்ப பிடுங்கிடுடா.”

“அக்கா?”

“அவர் வாய். அவர் சொல்றதுதான் சரி.”

என்ன செய்கிறாள் என்று புரிந்தது. குறடு கையில்தான் இருந்தது. விளக்கை இழுத்தேன்.

“வாயைத் திறங்க, மாமா.”

மாமா திறக்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

“நீ மேலன்னு சொன்னியே?”

“என் வலியா என்ன?”

“தண்ணி குடிக்கிறதைப் பார்த்தேன்னியே?”

“நான் எதையோ பார்த்திருப்பேன்.”

என் பக்கம் திரும்பினார்.

“படத்துல சொத்தை இருந்துச்சே, மாப்ள?”

“நிழல்தானே, மாமா.”

அவர் முகத்தில் மரத்துப்போகாத பாதி வெளுத்தது.

“என்னய்யா இது? எல்லாரும் இப்படி ஒத்துக்கிட்டா எப்படி? ஒருத்தராவது வேண்டாம்னு சொல்ல வேணாமா?”

குறட்டின் வாயைத் திறந்து ஒருமுறை மூடினேன். சத்தம் நன்றாகக் கேட்டது.

“இரு, இரு.” என் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணை மூடி, உள்ளுக்குள் எதையோ கவனிப்பவர்போல் இருந்தார். “இப்ப மேல போயிடுச்சு.”

“எது?”

“வலி. கீழ இருந்துச்சு. ஊசி போட்டதும் ஏறிடுச்சு.”

“எந்த வழியா?” என்றாள் அக்கா.

“நீ பேசாதே. இது வேற விஷயம்.”

மேலே ஊசி போட்டேன். ஐந்து நிமிடத்தில் கன்னத்திலிருந்து கை விழுந்தது. கால் நின்றது. நான்கு நாளில் முதல்முறையாக மாமாவின் நெற்றி சமமானது. அக்கா கைப்பையை மூடினாள். எதுவும் கேட்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

நோயாளி அட்டையை எடுத்து எழுதினேன். மாமா தலையைத் தூக்கினார்.

“என்ன எழுதுறே?”

“பல் நம்பர். மேல், வலது, ஆறு.”

“யார் கண்டுபிடிச்சதுன்னு எழுதுவியா?”

“அதுக்கு இதுல கட்டம் இல்லை.”

அட்டையை வாங்கினார். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். திருப்தியாகத் திருப்பிக் கொடுத்து, சாய்ந்துகொண்டு வாயைத் திறந்தார்.