பத்து நிமிடம்

ஏசுஅடிமை இரண்டு மாத்திரைகளைத் தம்பி மனைவி சத்தியபாயின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"அடக்கம் முடியது வர ஷைஜா ஒறங்கட்டும். பாட்டுச் சத்தம் கேட்டுத் தலைய செவருல இடிச்சா யாரு பிடிக்கது? இனி தம்பியும் இல்ல."

நேற்றிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான். இருபத்திரண்டு வயது மகள். பேச்சு வராது. வெறி மூண்டால் கணவன் சிலுவைதாசன் ஒருவனால்தான் அவளைக் கட்டிப்பிடித்து உட்கார முடியும். நேற்றுக் காலை, தான் ஓட்டும் ஆட்டோவுக்குள்ளேயே அவன் நெஞ்சைப் பிடித்துச் சரிந்துபோனான். குளிப்பாட்டியவர்கள் அவன் கைகளில் பல் தடங்களைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை, முழுக்கைச் சட்டை மட்டும் கேட்டார்கள்.

அறைக்குள்ளிருந்து ஷைஜா, வெளியே தாழிட்ட கதவை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் சத்தியபாய்க்கு இன்னும் பயமாக இருந்தது.

"நாளைக்கி அப்பாவத் தேடுனா நான் என்ன செய்வேன், பெரியத்தான்?"

"அதுக்கு என்ன வெவரம் தெரியும்?"

"சாயங்காலம் ஆட்டோ வாற நேரம் கேட்டப் பிடிச்சிட்டு நிப்பாளே. எத்தன நாளு நிப்பா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு அடக்க ஜெபத்துக்குச் சபை ஐயர் வந்துவிடுவார்.

சத்தியபாய் மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். எறிய மனம் வரவில்லை. பந்தலுக்குப் போனாள்.

"எல்லாரும் பத்து நிமிசம் ரோட்டுல நில்லுங்க. பாட்டு வேண்டாம். எம் பிள்ள பாக்கணும்."

யாரோ முணுமுணுத்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. பந்தல் காலியானதும் அவள் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

ஷைஜா காதுகளைப் பொத்தியபடி வந்தாள். சவப்பெட்டியை இரண்டு முறை சுற்றினாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவள் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் சத்தியபாயின் கைகள் நீண்டே இருந்தன.

கால்மாட்டில் ஷைஜா நின்றாள். அப்பாவின் கால்களில் அவள் பார்த்தே இராத வெள்ளைக் காலுறைகள். அவள் தொண்டையில் முனகல் எழுந்தது. வெறிக்கு முன்னால் எப்போதும் எழுகிற முனகல். வாசலிலிருந்து ஏசுஅடிமை ஓர் அடி முன்னால் வந்தார். சத்தியபாய் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினாள்.

ஷைஜா ஒரு காலுறையைப் பிடித்து இழுத்தாள். அது கழன்று வந்தது. வெறும் பாதத்தில் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். முனகல் கூடவும் இல்லை, நிற்கவும் இல்லை.

வெளியே ஐயரின் கார்க் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

சத்தியபாய் மகளை ஒட்டி நின்றுகொண்டு, மற்றக் காலின் உறையை மெல்லக் கழற்றத் தொடங்கினாள்.