மூணு பேஸ் வரும் நேரம்

குளிர்பெட்டியின் வயரைச் சொருகிவிட்டு முருகேஷ் நிமிர்ந்தான். உள்ளே அவன் அண்ணன் வெங்கடாசலம். ஆயுளில் ஒரு நாள்கூட ஃபேன் போட்டுப் படுக்காத மனிதர். இன்றைக்கு ஊரிலேயே குளுகுளுவென்று கிடப்பவர் அவர்தான்.

முந்தாநாள் விடிகாலை தக்காளித் தோட்டத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தவன் முருகேஷ்.

"கேஸ் டிரபுள்தாண்ணா. ஒம்பது மணிக்கு மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்டு வந்துரும். தக்காளிக்குத் தண்ணி வுட்டுட்டு வா, அப்புறம் ஆஸ்பத்திரி போலாம்."

பக்கத்துச் சாலில் பழம் பறித்துக்கொண்டிருந்த அண்ணி குள்ளம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். அந்தச் சோடா தொண்டையில் இறங்கிய சத்தம் மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. ஏப்பம் மட்டும் வரவில்லை. தண்ணீர் பாய்ந்து முடிந்து, தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது.

"டாக்டர் என்னதான் சொன்னாரு தம்பி? அடைப்ப எடுத்தாச்சுன்னாங்களே?" அண்ணி பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எடுத்தாச்சு அண்ணி. ஸ்டென்ட்டும் வெச்சாங்க. பெரிய கொழாய்ல ரத்தம் நல்லா ஓடுச்சாம். அதுக்கும் உள்ள, முடியாட்டம் பொடிக் கொழாய்ங்க இருக்குதாம். அதுல ஏறலியாம்."

"நம்ம சொட்டுநீருக் கொழாயாட்டம். மெயின் பைப்புல தண்ணி இருக்குது, டிரிப்பர்ல சொட்டல."

"ஆமாங்க அண்ணி."

"உப்பு கட்டுனா நாம ஆசிட் வுட்டு எடுப்பமே. அவங்க ஒண்ணும் வுடலியா?"

"மருந்து வுட்டாங்க. வலி வந்த ஒடனே வந்திருந்தா, பொடிக் கொழாய் அடைக்காம பாத்திருக்கலாம்னு..."

கண்ணாடியைத் துடைத்த அண்ணியின் கை நின்றது.

மணி ஒன்பது. கிணற்று மோட்டார் தானாகவே கிளம்பியது. துக்கச் செய்தியை ஆட்டோ ஸ்டார்ட்டருக்கு யாரும் சொல்லவில்லை. பந்தலில் அழுகை ஒரு நொடி தடைப்பட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"மூணு பேஸ் வந்துருச்சு," என்றாள் அண்ணி, அவன் முகத்தைப் பாராமல். "தக்காளிக்குத் தண்ணி வுட்டுட்டு வா தம்பி. அப்புறம் எடுக்கலாம்."

அவன் போனான். மெயின் பைப் காலடியில் அதிர்ந்தது. கடைசிச் சாலில் நாலைந்து செடிகள் தலை தொங்கியிருந்தன. வேலிமுள் ஒன்றை ஒடித்துக்கொண்டு குந்தினான். உப்பேறிய டிரிப்பரின் ஓட்டையைக் குத்தினான். சொட்டவில்லை. அடுத்ததைக் குத்தினான்.

பந்தலிலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முள்ளை வேட்டியில் துடைத்துவிட்டு, குந்தியபடியே அடுத்த செடிக்கு நகர்ந்தான்.